26 நாளாக வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, மண்டபம் பாம்பன் பக்கம் யாருக்காவது இப்படி ஆனதா?

தோணித்துறைக்காரன் · டிசம்பர் 9, இரவு 9:12

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், சிரிக்காமல் படியுங்கள். மழை பிடித்த வாரத்தில் ஆரம்பித்தது, இன்றோடு 26 நாள். முதல் மூன்று நாள் தண்ணீராகப் போனது, எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டுவிட்டேன். அப்புறம் மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கினேன், நார்ஃப்ளாக்ஸசினும் டினிடசோலும் சேர்ந்தது. இரண்டு வேளை போட்டதும் நின்றது, மிச்சத்தை டப்பாவில் போட்டு வைத்தேன். நாலாம் நாள் திரும்ப வந்தது. டப்பாவில் இருந்ததை எடுத்துப் போட்டேன், நின்றது, திரும்ப வந்தது.

இப்போது தண்ணீராகப் போவதில்லை. நாளைக்கு நாலைந்து தடவை, நுரைத்துக்கொண்டு, வெளிறிய மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு போகிறது. இரண்டு வாளி ஊற்றினாலும் மிதக்கிறது. ஏப்பம் விட்டால் அழுகிய முட்டை வாடை. வயிறு மத்தளம் மாதிரி. காய்ச்சல் இல்லை, இரத்தம் இல்லை. வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனித் தராசில் ஏறிப் பார்த்தேன், 71 கிலோ இருந்தவன் 66. வயது 34.

அப்பத்தா "குடலேத்தம், குடல் மேலே ஏறிக்கிடக்கு, தட்டி இறக்கினால் சரியாயிடும்" என்கிறது. வீட்டுக்காரி மதுரைக்குப் போய் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிடுவோம் என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?

பனங்காட்டான் · டிசம்பர் 9, இரவு 9:30

மாதுளம் தோலைக் காயவைத்துப் பொடி பண்ணி மோரில் கலந்து மூன்று நாள் குடிங்க அண்ணே. கட்டித்தயிரில் வெந்தயம் ஊறவைத்தும் சாப்பிடலாம். சுண்டைவற்றலும் கேட்கும். எங்கள் அம்மா சாயல்குடியில் இருந்து ஒரு ஆளை வரவழைத்துத் தொக்கம் (உள்ளே சிக்கிக்கிடக்கும் சாப்பாடு) எடுத்தார்கள், அன்றைக்கே எனக்கு நின்றது.

மூக்கையூர் மாப்ள · டிசம்பர் 9, இரவு 9:41

ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா முடிஞ்சு போச்சு. இந்த ஓ.ஆர்.எஸ்., உப்புச்சர்க்கரைப் பாக்கெட் தண்ணியெல்லாம் சின்னப்புள்ளைகளுக்கு.

வார்டு அக்கா · டிசம்பர் 9, இரவு 10:55

தம்பி, 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது உச்சிப்புளியில் வீட்டில் இருக்கிறேன். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படி.

முதலில் நாளை எண்ணு. வைரஸால் வருவதும் கெட்டுப்போன சாப்பாட்டால் வருவதும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். 14 நாளைத் தாண்டினால் அதற்கு டாக்டர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், நீடித்த வயிற்றுப்போக்கு. நாலு வாரம் தாண்டினால் நாட்பட்டது. பெயர் மாறினால் என்ன என்று கேட்காதே, பெயர் மாறும்போது நாங்கள் தேட வேண்டிய காரணமே மாறிவிடுகிறது. மூன்றாம் நாள் வருகிறவரிடம் "எத்தனை தடவை போனது, சிறுநீர் போகிறதா" என்று கேட்டு உப்புச்சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து அனுப்புவோம். 26-ஆம் நாள் வருகிறவரிடம் அது போதாது, உள்ளே என்ன குடியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். நீ இன்னும் மூன்றாம் நாள் வைத்தியத்தையே செய்துகொண்டிருக்கிறாய்.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றுவது ஜியார்டியா. சிறுகுடலின் மேல்பகுதியில் ஒட்டிக்கொள்ளும் ஒற்றைச்செல் பூச்சி. கொழுப்பை உறிஞ்ச விடாது, அதனால்தான் பிசுக்காக மிதக்கிறது, அதனால்தான் எடை இறங்குகிறது. முட்டை ஏப்பமும் வயிறு உப்புவதும் பெரும்பாலும் கூடவே வரும். ஆனால் தோன்றுவதை வைத்து மாத்திரை போடக்கூடாது, நீ ஏற்கெனவே அதைத்தான் இரண்டு தடவை செய்திருக்கிறாய். டினிடசோல் ஜியார்டியாவுக்கு உண்டான மருந்துதான், அரைகுறையாகப் போட்டதால் அடங்கியது, சாகவில்லை. (அல்லது பழையது செத்து, புதிதாகத் திரும்பவும் உள்ளே போயிருக்கும். அதைப் பிறகு பேசுவோம்.)

மலப் பரிசோதனை எடு. இதில் மூன்று விஷயம். ஒன்று, டப்பாவில் இருக்கும் மிச்ச மாத்திரையைத் தொடாதே, மருந்து உள்ளே இருக்கும்போது எடுத்தால் பூச்சி கண்ணில் படாது. இரண்டு, வீட்டில் எடுத்துப் பையில் வைத்து மத்தியானம் வரை சுற்றாதே, அரைமணி ஒரு மணிக்குள் லேபில் இருக்க வேண்டும். மூன்று, ஒரு தடவை "ஒன்றும் இல்லை" என்று வந்தால் நம்பாதே. அது தினமும் வெளியே வராது, ஒருநாள் விட்டு ஒருநாள் என மூன்று மாதிரி கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மலத்தில் இரத்தம், தூக்கத்தில் இருந்து எழுப்பி ஓடவைக்கும் போக்கு, மாலைக் காய்ச்சல், எடை தொடர்ந்து குறைவது, இரத்தச்சோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பது, இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும், பரிசோதனைச் சீட்டோடு முடிகிற காரியம் இல்லை. நம் ஊரில் குடல் காசநோய் இன்னும் இருக்கிறது. தைராய்டு, எச்.ஐ.வி., குடல் அழற்சி எல்லாமும் இப்படித்தான் தலைகாட்டும். உனக்கு 5 கிலோ குறைந்திருக்கிறது, அதனால் நீயும் லேபோடு நிற்காதே.

மாப்ள, நீங்கள் சொன்ன குளுக்கோஸ் பாட்டிலுக்கு வருகிறேன். 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் எல்லை தாண்டி வந்து மேற்கு வங்கத்தின் பங்கான் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது ஏற்றுவதற்குப் பாட்டில் தீர்ந்துவிட்டது. திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் வேறு வழியில்லாமல் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை ட்ரம்மில் ஊற்றிக் குழாய் வைத்து, நோயாளியின் அம்மாவையும் அண்ணனையும் டம்ளரில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது சாவு என்று இருந்தது நாலுக்கும் கீழே வந்தது. அவர்களில் பெரியவர்களும் உண்டு. வாந்தி நிற்காமல், சுயநினைவு தடுமாறி, குடிக்கவே முடியாத ஆளுக்குத்தான் ஊசி வழி. தம்பிக்கு இப்போது அதுவும் தேவையில்லை, அவன் தண்ணீர் வற்றிக் கிடக்கவில்லை.

மாதுளம் தோல், சுண்டைவற்றல், கஞ்சி எல்லாம் கேடில்லை, சாப்பிடு. குடல் தட்டுவதும் தொக்கமும் வேண்டாம். அப்பத்தாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

வடக்குத்தெரு லாத்தா · டிசம்பர் 10, காலை 6:20

தொக்கம் என்று பார்த்ததும் கை நடுங்கிவிட்டது, அதனால் எழுதுகிறேன். என் மகனுக்குப் பதினோரு மாதம் இருக்கும்போது பேதி. பல் முளைக்கிறது, அதுதான் என்று என் மாமியார் சொன்னார்கள். நான்காம் நாள் தொக்கம் எடுக்கக் கொண்டுபோனோம். அந்த ஆள் குழந்தையின் தொண்டையில் விரலை விட்டு, வாயில் ஊதி, ஒரு சோற்றுப் பருக்கை மாதிரி எதையோ எடுத்துக் காட்டினார். அந்தப் பருக்கை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன், ஏனென்றால் பிள்ளை நாலு நாளாகச் சோறே தின்னவில்லை.

வீட்டுக்கு வந்தபோது உச்சிக்குழி உள்ளே போயிருந்தது. அழுதான், கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி.

அங்கே டாக்டரம்மா கேட்டார், ஓ.ஆர்.எஸ். கொடுத்தீர்களா என்று. கொடுத்தேன் என்றேன். எப்படி என்றார். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரே லிட்டரில் போட வேண்டும், சின்னது என்றால் 200 மில்லி, அட்டையில் போட்டிருப்பதுதான் கணக்கு, கண் அளவு கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. நான் அதோடு கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் ஆப்பிள் ருசி பானத்தையும் கொடுத்திருந்தேன், மேலே ஓ.ஆர்.எஸ். என்றுதான் போட்டிருந்தது. அதில் சர்க்கரை அதிகம், குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 2025 அக்டோபரில் அப்படிப் பெயர் போட்டு விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டபோது நான் எங்கள் தெரு பூராவும் சொன்னேன்.

சிங்க் மாத்திரையும் 14 நாள் கொடுத்தோம், ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. பேதி மூன்றாம் நாளே நின்றாலும் நிறுத்தக் கூடாதாம். தாய்ப்பாலையும் நிறுத்தச் சொல்லவில்லை. தம்பி, உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா? நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லையே.

தோணித்துறைக்காரன் · டிசம்பர் 10, காலை 7:05

இருக்கிறாள் லாத்தா, மூன்று வயது. நீங்கள் கேட்ட பிறகுதான் வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவளுக்கும் இரண்டு வாரமாக ஒரு மாதிரி இளக்கமாகத்தான் போகிறதாம், அங்கன்வாடியில் எடை கூடவில்லை என்று சொன்னார்களாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாட்டுப்படகு · டிசம்பர் 10, மதியம் 1:15

நம்ம ஊர்ல மீனைச் சந்தேகப்படாம தண்ணியப் பேசிக்கிட்டு இருக்கீங்க. போன வருஷம் நானும் என் மச்சானும் சூரை வாங்கித் தின்னோம், ஐஸ் பத்தாம வெயில்ல கெடந்த மீனு. ஒரு மணி நேரத்துல முகமெல்லாம் செவந்து, நாக்குல மிளகு மாதிரி உறைச்சு, தலைவலி, பேதி.

வார்டு அக்கா · டிசம்பர் 10, மதியம் 2:40

நீங்கள் சொல்வது உண்மை, ஆனால் அது வேறு. சூரை, அயிலை, சாளை மாதிரி மீன் சூடு ஏறிக் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும், கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது, கெட்ட வாடைகூட வராமல் இருக்கலாம். தின்ற கொஞ்ச நேரத்தில் பிடிக்கும், பெரும்பாலும் ஒரே நாளில் விடும். 26 நாள் நிற்காது.

தொட்டி ஆப்பரேட்டர் · டிசம்பர் 10, இரவு 8:25

நான் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி பார்க்கிறவன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், ஏற்கெனவே திட்டு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் கரையோரத்தில் போர் தண்ணீர் உப்பு, எல்லோருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால் அந்த உப்பே சில பேருக்கு வயிற்றைக் கலக்கும். மெக்னீசியமும் சல்பேட்டும் கூடினால் அது பேதி உப்புதான், வேறில்லை. குடிநீருக்கான இந்தியத் தர அளவு சல்பேட்டுக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லை என்றால் 400 வரை. பழகிய வயிறு தாங்கும், வெளியூரில் இருந்து கல்யாணத்துக்கு வந்த ஆள் மறுநாள் ஓடுவார். ஆனால் அது ஏப்பத்தையும் பிசுக்கையும் கொண்டுவராது, தண்ணீரை மாற்றினால் சரியாகிவிடும்.

இன்னொன்று, ஓ.ஆர்.எஸ். கரைக்கிறவர்கள் கவனிக்கவும். ஒரு லிட்டர் பாக்கெட்டில் இருக்கும் உப்பு 2.6 கிராம்தான். டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 2000 காட்டும் தண்ணீரில், கரைந்த உப்புகள் ஏற்கெனவே லிட்டருக்கு 2 கிராம் இருக்கின்றன. அதில் போய்ப் பாக்கெட்டைக் கரைத்தால் பிள்ளைக்குக் கொடுப்பது மருந்து இல்லை. காவிரித் தண்ணீரோ நல்ல ஊற்றுத் தண்ணீரோ கொதிக்கவைத்து ஆறவைத்துக் கரையுங்கள்.

பூச்சி விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் போடும் குளோரின் காலராக் கிருமியைக் கொல்லும், டைபாய்டு கிருமியைக் கொல்லும். அக்கா சொன்ன ஜியார்டியா ஓட்டுக்குள் இருந்துகொண்டு அந்த அளவு குளோரினைத் தாங்கிவிடும். கொதிநிலைக்கு வந்து தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் செத்துவிடும், அதுதான் நிச்சயம். தம்பி, நீங்கள் குடிப்பது எந்தத் தண்ணீர்? சேமிப்பது எதில்? கக்கூஸ் குழி எவ்வளவு தூரம்? நம்முடையது மணல் தரை, நாலு முழம் தோண்டினால் ஊற்று. குழியில் இருப்பது மழைக்காலத்தில் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்?

தோணித்துறைக்காரன் · டிசம்பர் 10, இரவு 10:10

குடிப்பது கேன் தண்ணீர் அண்ணே, அதனால் தண்ணீரைச் சந்தேகப்படவே இல்லை.

உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு சம்ப்பைத் திறந்து பார்த்தேன். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைக்கிற தரைத்தொட்டி அது. மூடி ஒரு பக்கம் உடைந்து அதன் மேல் ஒரு சிமெண்ட் சாக்கு கிடக்கிறது, நான் போட்டதுதான், போன ஆடியில். உள்ளே சுவரில் ஒரு சாண் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு, மழைத்தண்ணீர் ஏறி இறங்கிய கோடு. மேலே தென்னஞ்சோகையும் இரண்டு கரப்பானும் மிதக்கின்றன. கக்கூஸ் குழி அங்கிருந்து காலால் அளந்தால் பதினோரு அடி.

அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை. ஆனால் பல் தேய்த்து வாய் கொப்பளிப்பது அதில், டம்ளர் கழுவுவது அதில், மோருக்குக் கலப்பது அதில். பாப்பா குளிக்கும்போது வாயில் பிடித்துத் துப்பி விளையாடுவாள்.

வார்டு அக்கா · டிசம்பர் 10, இரவு 10:30

போதும். ஓட்டுக்குள் இருக்கும் அந்தப் பூச்சி பத்து இருபது உள்ளே போனாலே பிடித்துவிடும், ஒரு குடம் குடிக்க வேண்டியதில்லை. நாளைக்குக் காலையில் மூன்று பேரும் மாதிரி கொடுங்கள்.

இறால் செட்டு · டிசம்பர் 11, காலை 11:00

சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை, எங்கள் அய்யாவுக்கு மூன்று மாதம் இப்படி இருந்தது, எல்லா டெஸ்டும் சுத்தம். கடைசியில் பார்த்தால் சர்க்கரை வியாதிக்கு மெட்ஃபார்மின் அளவைக் கூட்டிய வாரத்தில்தான் ஆரம்பித்திருக்கிறது. டாக்டர் மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாற்றினார், நின்றுவிட்டது. டாக்டரிடம் போகும்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை அள்ளிக்கொண்டு போங்கள்.

தோணித்துறைக்காரன் · டிசம்பர் 16, மாலை 5:50

முதல் மாதிரியில் ஒன்றும் இல்லை என்று வந்தது. லேபில் இருந்த பையன் "அதான் இல்லேன்னு வந்துருச்சே, எதுக்கு இன்னொண்ணு" என்றான். அக்கா சொன்னதால் விடாமல் கொடுத்தேன். இரண்டாவதில் ஜியார்டியா. பாப்பாவுக்கு முதலிலேயே இருந்தது. வீட்டுக்காரிக்கு இல்லை.

டாக்டர் எனக்கு டினிடசோல் 500 மில்லிகிராம் நாலு மாத்திரை, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே தடவையில், அவ்வளவுதான். மூன்று நாள் சாராயம் பக்கம் போகக்கூடாது என்றார், வாந்தி பிடுங்கிவிடுமாம். பாப்பாவுக்கு எடைக்கு ஏற்ற மருந்தும் சிங்க்கும். எடை குறைந்ததற்காக இரத்தமும் எடுத்தார், தைராய்டு சரி, சர்க்கரை இல்லை, ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு. குழாய் விட்டுப் பார்ப்பது இப்போது வேண்டாம், ஒரு மாதம் கழித்து எடை ஏறாவிட்டால் வா என்றார். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அதில் எனக்கே தெரியாத இரண்டு அட்டை வேறு இருந்தது.

தோணித்துறைக்காரன் · டிசம்பர் 29, இரவு 8:00

பத்து நாள் நன்றாக இருந்தேன், ஏப்பம் போய்விட்டது, மிதப்பதும் நின்றது. ஆனால் மூன்று நாளாகத் திரும்ப வயிறு உப்புகிறது, காலையிலும் சாயங்காலமும் இளக்கமாகப் போகிறது. பூச்சி திரும்ப வந்துவிட்டதா? எனக்குத் தூக்கமே இல்லை.

வார்டு அக்கா · டிசம்பர் 29, இரவு 9:15

பதறாதே. காலையிலும் சாயங்காலமும் என்றால் என்ன சாப்பிட்ட பிறகு?

தோணித்துறைக்காரன் · டிசம்பர் 29, இரவு 9:18

டீ. நாலு நாளாகத்தான் பழையபடி பால் டீ. ஹார்லிக்ஸும் குடிக்கிறேன், எடை ஏறட்டும் என்று.

வார்டு அக்கா · டிசம்பர் 29, இரவு 9:40

அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு மாதம் பூச்சி ஒட்டிக்கிடந்த குடல் சுவரில் பாலைச் செரிக்கிற நொதி தேய்ந்திருக்கும். பால் சர்க்கரை செரியாமல் கீழே இறங்கி நுரைக்கிறது. பூச்சி செத்தாலும் சுவர் வளர வாரக்கணக்கு ஆகும், சிலருக்கு ஒன்றிரண்டு மாதம்கூட. இரண்டு வாரம் பாலை நிறுத்து, வரட்டீ குடி. தயிர் பெரும்பாலும் தாங்கும், கொஞ்சமாகப் பார். நின்றால் காரணம் அதுதான். நிற்காவிட்டால் திரும்ப மாதிரி கொடு, அதற்குள் எந்த மாத்திரையும் வேண்டாம். பாப்பாவுக்கு நீயாகப் பாலை நிறுத்தாதே, டாக்டரைக் கேள்.

பனங்காட்டான் · டிசம்பர் 30, காலை 7:45

எனக்கு ஒரு சந்தேகம் அக்கா. மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரிய பேதி வந்து நின்றது, அதில் இருந்து வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிறு கலக்குகிறது, போய்விட்டு வந்தால் வலி விடுகிறது. ராத்திரியில் ஒன்றும் இல்லை, எடையும் குறையவில்லை. தொக்கம் எடுத்தும் இருக்கிறது என்று இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

வார்டு அக்கா · டிசம்பர் 30, காலை 9:00

உண்மையைச் சொன்னதற்கு நன்றி தம்பி. குடல் தொற்று வந்து போனவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குக் குடல் இப்படிக் கூச்சம் பிடித்து நின்றுவிடும். எரிச்சல் குடல் என்பார்கள். ஆளைக் கொல்லாது, ஆனால் பஸ்ஸில் ஏற பயமாக இருக்கும், அதுவும் நோய்தான். ஒரு தடவை காட்டி மற்றது எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள். அதற்கு மருந்தும் உண்டு, சாப்பாட்டு முறையும் உண்டு.

தோணித்துறைக்காரன் · ஜனவரி 13, இரவு 7:30

பால் நிறுத்தி இரண்டு வாரம், வயிறு அமைதி. தராசில் 69. பாப்பாவுக்கு அங்கன்வாடியில் முக்கால் கிலோ கூடியிருக்கிறது. சம்ப்பை இறைத்து, தேய்த்து, பிளீச்சிங் போட்டுக் கழுவிவிட்டேன், ஆனால் வாய்க்குப் போகிற தண்ணீர் எல்லாம் இப்போது கொதிக்கவைத்ததுதான், குழாய் வைத்த ட்ரம்மில். குழியை மாற்ற இடம் இல்லை, சம்ப்பைத்தான் முன்பக்கம் கொண்டுபோக வேண்டும், அதற்கு மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், அப்போதுதான் கம்பெனியில் லீவு.

அப்பத்தா தெருவெல்லாம் தான் விளக்கெண்ணெய் தடவி விட்டதில்தான் எனக்குச் சரியானது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. மாத்திரை போட்ட அன்றைக்கு ராத்திரி தடவியது உண்மைதான், நான் மறுக்கவில்லை.

சம்ப் மூடிக்கு ஓரத்தில் வைக்கிற ரப்பர் பட்டை ராமநாதபுரத்தில் எந்தப் பக்கம் கிடைக்கும்?

தொட்டி ஆப்பரேட்டர் · ஜனவரி 13, இரவு 8:02

பழைய லாரி ட்யூப் போதும், பஞ்சர் கடையில் சும்மாவே கொடுப்பான். இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி ஒட்டுங்கள். மூடியைத் தரையில் இருந்து ஒரு முழம் உயர்த்திக் கட்டிவிட்டு அப்புறம் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசியில் ட்யூபோடு சேர்ந்து மிதக்கும்.